ஆதி கேலக்ஸிகள் எந்த வடிவில் இருந்தன? வாசகர் கேள்வி – பதில்

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகு, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. பெரிய கேலக்ஸிகளின் வடிவத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி (தொண்டி, இயற்பியல் மாணவி): பாடப் புத்தகத்தில் ஹபிளின் இசைக்கவை வரைபடம் இருக்கிறது. ஒரு பக்கம் நீள்வட்ட கேலக்ஸி, மறுபக்கம் சுருள் கேலக்ஸி. ஆதியில் எல்லாம் ஒழுங்கற்றுக் கிடந்தன என்று ஹபிள் தொலைநோக்கி சொன்னதாகப் படித்தேன். அப்போதே அழகான வட்டுகள் இருந்தன என்று வெப் சொல்கிறதாம். எது உண்மை?

பதில்: எந்த நிற ஒளியில் எடுத்த படம் என்று முதலில் கேளுங்கள். உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

பிரபஞ்சம் விரிவதால், தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் வழியில் நீள்கிறது. இந்த நீட்சியைக் குறிக்கும் செம்பெயர்ச்சி எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மடங்கு நீண்டது என்று வந்துவிடும். செம்பெயர்ச்சி 2 என்றால் 3 மடங்கு. பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ 330 கோடி வயது இருந்தபோது கிளம்பிய ஒளி அது. அந்தக் கேலக்ஸியில் 0.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பச்சை ஒளியாகப் புறப்பட்டது நமக்கு 1.5 மைக்ரான் அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. செம்பெயர்ச்சி 3 என்றால் அதே ஒளி 2 மைக்ரான் ஆகிவிடும். ஹபிளின் அகச்சிவப்புக் கேமரா சுமார் 1.7 மைக்ரானோடு நின்றுவிடுகிறது. அதன் சாதாரண ஒளிக் கேமராவில் 0.8 மைக்ரானில் எடுத்த படம், செம்பெயர்ச்சி 3-இல் உள்ள கேலக்ஸியின் 0.2 மைக்ரான் புற ஊதாவைத்தான் காட்டும்.

புற ஊதாவில் பளிச்சிடுபவை புதிதாகப் பிறந்த, சூடான, சொற்ப ஆயுள் கொண்ட நட்சத்திரங்கள். அவை கேலக்ஸி முழுக்கப் பரவி இருப்பதில்லை. வாயு குவிந்த இடங்களில் திட்டுத் திட்டாகக் கிடக்கும். கேலக்ஸியின் எடையில் பெரும்பங்கைச் சுமக்கும் வயதான, சிவந்த நட்சத்திரங்கள் அந்தப் படத்தில் விழவே இல்லை. நம் பக்கத்திலுள்ள ஒழுங்கான சுருள் கேலக்ஸியையே புற ஊதாவில் மட்டும் படம் எடுத்தால் கைகளில் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

தொலைவு இன்னொரு வேலையும் செய்கிறது. பரப்பின் பிரகாசம், ஒளி நீண்ட மடங்கின் நான்காம் அடுக்கில் குறைகிறது. செம்பெயர்ச்சி 3-இல் 4 × 4 × 4 × 4, அதாவது 256 மடங்கு மங்கல். மங்கலான வெளி வட்டும் கைகளும் பின்னணி இரைச்சலில் மூழ்கிவிட, நடுவும் பிரகாசமான கொத்துகளும் மட்டும் மிஞ்சும். கேலக்ஸி சின்னதாகவும் கோணலாகவும் தெரிவதற்கு இது ஒன்றே போதும்.

2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட வெப்புக்கு 6.5 மீட்டர் கண்ணாடி, ஹபிளுக்கு 2.4 மீட்டர். வெப்பின் முதன்மைக் கேமரா 0.6 முதல் 5 மைக்ரான் வரை பார்க்கும். ஹபிளில் கோணலாகத் தெரிந்த பல கேலக்ஸிகள் இதில் நடுக் குமிழும் வட்டுமாக எழுந்து வந்தன. செம்பெயர்ச்சி 2-க்கு அப்பாலும் நடுவில் பட்டை உள்ள சுருள் கேலக்ஸிகள் கிடைத்தன. ஒன்று செம்பெயர்ச்சி 3-ஐ ஒட்டியே இருக்கிறது. பட்டை உருவாக வேண்டுமானால் வட்டு ஓரளவு அடங்கிச் சுற்ற வேண்டும். அதனால் இது சாதாரணச் செய்தி இல்லை.

ஹபிள் காட்டிய ஒழுங்கின்மை அத்தனையும் தோற்றம் என்று இதற்குப் பொருள் கொண்டுவிடாதீர்கள். செம்பெயர்ச்சி 2 அளவில் வட்டுகளின் எடையில் பாதியளவு வாயுவாக இருந்திருக்கிறது. இன்றைய சுருள்களில் பத்தில் ஒரு பங்குதான். வாயு கனமாக இருந்தால் வட்டு தன் ஈர்ப்பாலேயே உடைந்து, ஒவ்வொன்றும் 10 கோடி முதல் 100 கோடி சூரியன் எடையுள்ள கொத்துகளாகும். ஆகவே கொத்துகளும் நிஜம், அவற்றுக்கு அடியில் இருந்த வட்டும் நிஜம்.

கேள்வி (பாம்பன்): தட்டையா, உருண்டையா என்று சுற்றிப் போய்ப் பார்க்க முடியாதே. ஒரே படத்தை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: ஒரு கேலக்ஸியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆயிரம் இருந்தால் சொல்லலாம்.

தாம்பாளத்தைச் சாய்த்துப் பிடித்தால் நீள்வட்டமாகத் தெரியும் அல்லவா? நீள்வட்டத்தின் குட்டை அச்சை நெட்டை அச்சால் வகுத்து வரும் எண்தான் இங்கே ஆதாரம். மெல்லிய வட்டுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத் திரும்பியிருந்தால், இந்த எண் 0.4-க்கும் 0.5-க்கும் இடையே எத்தனை பேருக்கு வருகிறதோ, 0.9-க்கும் 1-க்கும் இடையேயும் அத்தனை பேருக்கு வர வேண்டும். வட்டுக்குத் தடிமன் உண்டு என்பதால் 0.2 பக்கத்தில் வரிசை நின்றுவிடும். பந்து போன்றவை என்றால் எல்லாமே 1-ஐ ஒட்டிக் குவியும். சுருட்டுப் போல நீண்டு உருண்டவை என்றால் சிறிய எண்களே மிகுந்திருக்கும். அவற்றின் முனை நம்மை நேராகப் பார்த்தால்தான் வட்டமாகத் தெரியும். அது அரிதாகவே நடக்கும்.

வெப் படங்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து 2024-இல் ஒரு முடிவு வெளியானது. செம்பெயர்ச்சி 3 முதல் 8 வரை, எடை குறைந்த கேலக்ஸிகளில், அதாவது 100 கோடி முதல் 300 கோடி சூரியன் எடை உள்ளவற்றில், வட்டமாகத் தெரிபவை மிகக் குறைவு. நீண்டு உருண்ட வடிவத்தோடு அது பொருந்துகிறது. எடை கூடக் கூட வட்டுகள் அதிகமாகின்றன. பெரியவை முந்திக்கொண்டு ஒழுங்குக்கு வந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதைவிட உறுதியான சாட்சி சுழற்சி வேகம். அயனியான கார்பன் 158 மைக்ரானில் ஒரு நிறமாலைக் கோட்டை வெளியிடுகிறது. சிலியில் உள்ள ஆல்மா ரேடியோத் தொலைநோக்கி அணி, அது நீண்டு வந்த வடிவத்தைப் பிடிக்கிறது. வட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வந்து மறுபக்கம் விலகிப் போனால் கோடு இரு பக்கமும் நகரும். 2020-இல் வெளியான ‘உல்ஃப் வட்டு’ செம்பெயர்ச்சி 4.26-இல் இருக்கிறது. பிரபஞ்சத்துக்கு அப்போது 150 கோடி வயதுகூட நிரம்பவில்லை. வாயு நொடிக்கு 272 கிலோமீட்டர் வேகத்தில் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் பால்வீதி சுற்றும் வேகத்தைவிட இது குறைந்ததல்ல.

கேள்வி (கீழக்கரை, ஆசிரியர்): ஆதியில் இருந்த கனமான கேலக்ஸிகள் இப்போதுள்ளவற்றைவிட மிகச் சிறியவை என்கிறார்களே, அவ்வளவு எடை எப்படி அத்தனை சிறிய இடத்தில் அடங்கியது? பிறகு அவை எப்படிப் பெருத்தன?

பதில்: இந்தத் துறையில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

2005 முதல் 2008 வரை வந்த அளவீடுகள் வானியலாளர்களையே உலுக்கின. செம்பெயர்ச்சி 2-இல், 10,000 கோடி சூரியன் எடை கொண்ட, நட்சத்திரப் பிறப்பு நின்றுபோன சிவப்பு கேலக்ஸிகளின் பாதி ஒளி சுமார் 3,300 ஒளியாண்டு ஆரத்துக்குள் அடங்கிவிட்டது. அதே எடையுள்ள இன்றைய நீள்வட்ட கேலக்ஸிகளுக்கு இந்த ஆரம் நாலைந்து மடங்கு. கன அளவில் பார்த்தால் நூறு மடங்கு வித்தியாசம். வெப் வந்த பிறகு இன்னும் பழையவை கிடைத்தன. ஜிஎஸ்-9209 என்ற கேலக்ஸியை பிரபஞ்சத்துக்கு 125 கோடி வயது இருந்த கோலத்தில் பார்க்கிறோம். சுமார் 4,000 கோடி சூரியன் எடை. பாதி ஒளி 700 ஒளியாண்டு ஆரத்துக்குள். நட்சத்திரங்கள் ஒரே மூச்சில் உருவாகி, பிறப்பு அதற்குள் நின்றும் போயிருந்தது.

அடங்கியதற்குக் காரணம் வாயு. நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதாமல் தம் பாதையில் போய்க்கொண்டே இருக்கும். ஆற்றலை இழந்து நடுவில் இறங்காது. வாயு அப்படியல்ல. மோதும், சூடாகும், கதிர்வீசிக் குளிரும், நடுவை நோக்கி வழியும். வாயு மிகுந்த இரண்டு கேலக்ஸிகள் இணையும்போதோ, வட்டு தானே நிலைகுலையும்போதோ வாயு மொத்தமாக நடுவில் குவிந்து அங்கேயே நட்சத்திரமாகிவிடுகிறது. நடுவிலுள்ள கருந்துளை மிச்ச வாயுவைச் சூடாக்கித் தள்ளிவிட, பிறப்பு நிற்கிறது.

பெருத்த விதத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சம எடையுள்ள இரண்டு கேலக்ஸிகள் வாயு இல்லாமல் இணைந்தால் எடை 2 மடங்கு, ஆரமும் 2 மடங்கு. ஐந்து மடங்கு ஆரம் வேண்டுமானால் எடையும் ஐந்து மடங்காக வேண்டும். அவ்வளவு கனமான கேலக்ஸிகள் இன்று வானத்தில் அத்தனை எண்ணிக்கையில் இல்லை, அதனால் இந்த வழி அடிபட்டுப் போகிறது. மாறாக, மிகச் சிறிய கேலக்ஸிகளைப் பல தடவை விழுங்கி எடை 2 மடங்கானால் ஆரம் 4 மடங்கு வரை போகும். சிறியவற்றின் நட்சத்திரங்கள் தளர்வாகக் கட்டுண்டவை. பெரியதன் நடுவரை வந்து சேராமல் வெளியிலேயே உதிர்ந்து பரவிவிடும். நடு அப்படியே இருக்க, வெளிப்புறம் மட்டும் வளரும். வெவ்வேறு காலத்து கேலக்ஸிகளை எடை வரிசையில் பொருத்திப் பார்த்தபோது இதுவே தெரிந்தது: நடுவில் உள்ள 16,000 ஒளியாண்டு ஆரத்துக்குள் எடை பெரிதாகக் கூடவில்லை, கூடியதெல்லாம் அதற்கு வெளியே.

எல்லாமே வளர்ச்சி என்றும் சொல்லிவிடக் கூடாது. பின்னாளில் நட்சத்திரப் பிறப்பை நிறுத்திய கேலக்ஸிகள் நிறுத்தும்போதே பெரியவை. அவை கூட்டத்தில் சேரும்போது சராசரி ஆரம் தானாக ஏறும். பழைய உறுப்பினர் ஒருவர்கூட வளராமலேயே சராசரி ஏற முடியும். கட்டுரைகளில் ‘கேலக்ஸிகள் ஐந்து மடங்கு வளர்ந்தன’ என்று ஒற்றை வரியில் படித்தால் இதைக் கழித்துப் பாருங்கள்.

விழுங்காமல் தப்பித்து நின்றதும் ஒன்று உண்டு. பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தில், சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 1277. எடை 10,000 கோடி சூரியனுக்கு மேல், பாதி ஒளி ஆரம் சுமார் 4,000 ஒளியாண்டு. சிறிய கேலக்ஸிகளை விழுங்கினால் அவற்றின் நீல நிறக் கோளக் கொத்துகளும் (உருண்டையாக நெருங்கிய நட்சத்திரக் கூட்டங்கள்) கூடவே வரும். இதைச் சுற்றி ஹபிள் கண்டவை ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. பெர்சியஸ் கொத்துக்குள் கேலக்ஸிகள் மிக வேகமாக ஒன்றையொன்று கடந்து போவதால் இது யாரையும் பிடித்து விழுங்க வாய்க்கவில்லை. ஆதி காலத்துக் கேலக்ஸி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கக் கிடைத்தது பெரும் பேறு.

கேள்வி (மண்டபம், எம்.எஸ்சி. மாணவர்): பாதி ஒளி ஆரத்தை நானே அளந்து பார்க்க முடியுமா? லேப்டாப் போதுமா?

பதில்: தாராளமாக. ஒரு கேலக்ஸிக்குச் சாதாரண லேப்டாப்பில் ஒரு நிமிடம்கூட ஆகாது. வெப், ஹபிள் படங்கள் ‘மாஸ்ட்’ காப்பகத்தில் இலவசம். படத்தோடு ஒரு கணித வடிவத்தைப் பொருத்திப் பார்க்க ‘கேல்ஃபிட்’ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

கேலக்ஸியை நடுவில் வைத்து, அதன் ஆரத்தைப் போலப் பத்து மடங்காவது விளிம்பு விட்டுப் படத்தை வெட்டுங்கள். பக்கத்திலுள்ளவற்றை மறையுங்கள், ஒட்டி நிற்பவற்றை மறைக்காமல் சேர்த்தே பொருத்துங்கள். பிறகு சேர்சிக் சார்பை ஓட்டுங்கள். 1963-இல் ஹோசே லூயிஸ் சேர்சிக் தந்தது. ஒளி நடுவிலிருந்து வெளியே எப்படிக் குறைகிறது என்பதை அதன் அடுக்கு எண் சொல்லும். 1 வந்தால் வட்டு, 4 பக்கம் வந்தால் பழைய நீள்வட்ட கேலக்ஸி. இட ஆயங்கள் இரண்டு, பிரகாசம், ஆரம், அடுக்கு எண், அச்சு விகிதம், திசைக் கோணம் என ஏழு எண்களை மென்பொருள் தேடும்.

தப்பு நடக்கும் இடங்கள்தான் முக்கியம். முதலாவது வானப் பின்னணி. அதைச் சற்றுக் குறைவாகக் கழித்தால் மிச்ச வெளிச்சத்தைக் கேலக்ஸியின் விளிம்பு என்று எடுத்துக்கொண்டு ஆரமும் அடுக்கு எண்ணும் சேர்ந்தே வீங்கும். பின்னணியைக் கேலக்ஸிக்கு வெகு வெளியே தனியாக அளந்து நிலைநிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

இரண்டாவது, தொலைநோக்கியே ஒரு புள்ளியை எவ்வளவு பரப்பிக் காட்டும் என்ற அளவு. செம்பெயர்ச்சி 2-இல் 3,300 ஒளியாண்டு என்பது வானத்தில் 0.12 விகலை (ஒரு விகலை, பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). ஹபிள் 1.6 மைக்ரானில் ஒரு நட்சத்திரத்தையே 0.15 விகலைக்கு மேல் பரப்பிவிடும். வெப் 2 மைக்ரானில் ஏறத்தாழ 0.07 விகலை. கேலக்ஸி இந்தப் பரப்பின் அளவிலேயே இருக்கும்போது, பரப்பல் மாதிரியில் சிறு பிழை இருந்தாலும் ஆரம் புரண்டுவிடும். அதே படத்தில் நிரம்பி வழியாத, தனித்து நிற்கும் நட்சத்திரங்கள் சிலவற்றைச் சேர்த்து மாதிரி செய்வது நல்லது.

அடுக்கு எண் 8 போன்ற எல்லையில் போய் முட்டி நின்றால் அந்த முடிவைத் தள்ளுங்கள். பெரும்பாலும் நடுவில் கருந்துளையின் புள்ளி ஒளி இருக்கும். ஒரு புள்ளி மூலத்தைக் கூடுதலாகச் சேர்த்து மறுபடி ஓட்டினால் எண் இறங்கும். எப்படி வந்தாலும், அசல் படத்திலிருந்து பொருத்திய வடிவத்தைக் கழித்த மிச்சப் படத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்த எண்ணையும் நோட்டில் எழுதாதீர்கள். சுருள் கை, பட்டை, மோதல் வால் எல்லாம் அங்கேதான் வெளிப்படும்.

ஒரே கேலக்ஸியை 1.5 மைக்ரானிலும் 4.4 மைக்ரானிலும் அளந்து ஒப்பிடுங்கள். கனமான கேலக்ஸிகள் பெரும்பாலும் 4.4-இல் சிறியதாக வரும். நடுவில் தூசியும் வயதான நட்சத்திரங்களும் இருப்பதால், குட்டை அலைநீளத்தில் நடு மங்கி ஆரம் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி (ஏர்வாடி): பெருவெடிப்புக் கொள்கையையே வெப் உடைத்துவிட்டது என்று வீடியோ வருகிறதே?

பதில்: இல்லை. 2023 தொடக்கத்தில் ஆறு கேலக்ஸிகள், அந்த வயதுக்கு எடை அதிகம் என்று அறிவிக்கப்பட்டன. எடையை நிறத்திலிருந்து கணக்கிட்டிருந்தார்கள். சிவப்பாக இருந்தால் வயதான நட்சத்திரமாகவும் இருக்கலாம், தூசியாகவும் இருக்கலாம், கருந்துளையைச் சுற்றிய வாயுவாகவும் இருக்கலாம். ‘சிறு சிவப்புப் புள்ளிகள்’ என்று இப்போது அழைக்கப்படும் வகையில் பலவற்றில் கருந்துளையின் அடையாளம் நிறமாலையில் தெரிகிறது. அந்த ஒளியைக் கழித்தால் நட்சத்திர எடை இறங்கிவிடும். கேலக்ஸிகள் நினைத்ததைவிட வேகமாக உருவாகின என்பது வரை சரி.

கேள்வி (தேவிபட்டினம்): இதில் நம் நாட்டு ஆய்வாளர்கள் பங்கு உண்டா?

பதில்: உண்டு, அண்மையிலேயே. புனேயில் உள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ரஷி ஜெயினும் யோகேஷ் வடதேகரும் வெப் படங்களில் ஒரு சுருள் கேலக்ஸியைக் கண்டு, 2025-இல் வெளியிட்டார்கள். அளகநந்தா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செம்பெயர்ச்சி சுமார் 4. பிரபஞ்சத்தின் வயது அப்போது 150 கோடி ஆண்டு. விட்டம் சுமார் 30,000 ஒளியாண்டு, நட்சத்திர எடை சுமார் 1,000 கோடி சூரியன். தெளிவான இரண்டு கைகள். ஆபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு முன்னால் நின்று பெரிதாக்கிக் காட்டியதும், 21 வடிகட்டிகளில் படங்கள் இருந்ததும் கைகொடுத்தன. அவ்வளவு சீக்கிரம் இரண்டு கைகள் எப்படி எழுந்தன என்பதற்கு வட்டின் சுழற்சியை அளந்தால் விடை கிடைக்கும். அந்த அளவீட்டுக்காக நாங்களும் ஆவலோடு காத்திருக்கிறோம்.

கேள்வி (வாலிநோக்கம்): எங்கள் கடற்கரையிலிருந்து இவற்றில் எதையாவது பார்க்கலாமா?

பதில்: ஆதி கேலக்ஸிகளைப் பார்க்க முடியாது, அவற்றின் இன்றைய வாரிசுகளைப் பார்க்கலாம். அதற்கு உங்கள் ஊர் நல்ல இடம்.

மே மாத நடுவில், நிலா இல்லாத இரவு 9 மணிக்கு, எம்87 என்ற பெரிய நீள்வட்ட கேலக்ஸி கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். 3 அங்குலத் தொலைநோக்கியில் உருண்டையான மங்கல் திட்டாகத் தெரியும். மேலே சொன்ன ‘நடு முதலில், வெளிப்புறம் பிறகு’ வளர்ச்சியின் கடைசிக் கட்டம் இதுதான். தொலைவு ஏறக்குறைய 5.4 கோடி ஒளியாண்டு. 10 மணிக்குத் தெற்கே 38 பாகை உயரத்தில் சென்டாரஸ் ஏ கேலக்ஸி. 10×50 பைனாகுலரே போதும். தொலைநோக்கி பெரிதானால் குறுக்கே ஓடும் தூசிப் பட்டையும் தெரியும். ஒரு வட்டு கேலக்ஸியை விழுங்கிய தடம் அது.

பிப்ரவரி நடுவில் இரவு 8 மணிக்குத் தெற்குக் கடலுக்கு மேல் 11 பாகையில் பெரிய மகெல்லன் மேகம் வரும். ஒழுங்கற்ற வடிவம், சாய்ந்த பட்டை, 1.6 லட்சம் ஒளியாண்டு தொலைவு. இவ்வளவு தாழ்வில் வருவதைப் பார்க்கத் தெற்கே மறைப்பு இருக்கக் கூடாது. மன்னார் வளைகுடா பக்கம் வாலிநோக்கம், மூக்கையூர், ஏர்வாடி ஆகிய ஊர்களுக்குத் தெற்கே கடல்தான். தொண்டி, தேவிபட்டினத்தில் கடல் கிழக்கே இருப்பதால் தெற்கே ஊர் வெளிச்சம் குறுக்கிடும். தனுஷ்கோடிக்குள் இருட்டிய பிறகு ஆட்களை விடுவதில்லை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆண்ட்ரோமீடாவுக்கு ஏற்ற நவம்பரில் மழை மேகம் மறைக்கும். ஜனவரி தொடக்கத்தில் இருட்டியதும் வடமேற்கில் தேடுங்கள்.

கடற்காற்றில் உப்பு வரும். லென்சில் படிந்த உப்பைத் துணியால் துடைத்தால் கண்ணாடிப் பூச்சில் கீறல் விழும். ரப்பர் பந்தால் ஊதிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் ஒரே திசையில் ஒருமுறை மட்டும் இழுத்து, அந்தப் பஞ்சை எறிந்துவிடுங்கள். ஈரம் காயாமல் தோல் உறைக்குள் போட்டால் சில வாரங்களில் பூஞ்சை நூல் போலப் படரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மணிகள் நிறம் மாறியதும் வறுத்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம்.